ஆறு வாரம் தாண்டுன அரிப்பு: உங்க கேள்வி, தோல் டாக்டர் பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல "அரிப்பு பத்தி கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல்னு சுத்துப்பட்டு ஊர்லருந்தெல்லாம் கடிதமும் வாட்ஸ்ஆப் மெசேஜுமா வந்து குவிஞ்சிருச்சு. பாதிப்பேரு கடைசியில "பேரு போட்றாதீங்க டாக்டரம்மா"ன்னு எழுதியிருந்தீங்க, அதைப் படிக்கப் படிக்க எனக்கு மனசு கஷ்டமாயிருச்சு. சுகர் இருக்கு, பிரஷர் இருக்குன்னு கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்து சத்தமா பேசிக்கிறோம், உடம்பு அரிக்குதுன்னு சொல்றதுக்கு மட்டும் இவ்வளவு கூச்சம். சரி, யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான் போட்டிருக்கேன்.

கேள்விக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு மட்டும் மனசுல வச்சுக்கங்க. கொசு கடிச்சு அரிக்கிறது, வேர்க்குரு அரிக்கிறது எல்லாம் நாலு நாள்ல போயிரும். ஆறு வாரம் தாண்டியும் நிக்கலன்னா அதைத்தான் நாள்பட்ட அரிப்புன்னு சொல்றோம், அப்ப கிரீம் வாங்குறதுக்கு முன்னாடி காரணத்தைத் தேடணும். இது என்னமோ அபூர்வமான வியாதின்னு நினைக்காதீங்க, ஜெர்மனியில ஜனங்ககிட்ட எடுத்த கணக்குல அஞ்சுல ஒருத்தர் வாழ்நாள்ல ஒரு தடவையாவது இந்த நாள்பட்ட அரிப்ப அனுபவிச்சிருக்காங்க.

எனக்கு இது எட்டாம் மாசம். ரெண்டு வாரமா உள்ளங்கையும் உள்ளங்காலும் அப்படி ஊரலெடுக்குது, ராத்திரி தூக்கமே இல்ல. தோல்ல ஒண்ணுமே தெரியல. குழந்தைக்கு முடி நிறைய இருந்தா இப்படித்தான் அரிக்கும்னு மாமியார் சொல்றாங்க. உண்மையா? (கண்டனூர்)

இந்த மெசேஜ பாத்த அன்னைக்கே பத்திரிகை ஆபீஸ்ல நம்பர் வாங்கி இந்தப் பொண்ணுக்கு போன் பண்ணிட்டேன், இருந்தாலும் இதே மாதிரி வேற யாராவது பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பீங்களேன்னுதான் முதல் கேள்வியாவே போடச் சொன்னேன். மாமியார் பாசமாத்தான் சொல்லியிருக்காங்க, அவங்க காலத்துல அதுதான் தெரியும். ஆனா கடைசி மூணு மாசத்துல, தடிப்பு எதுவும் இல்லாம, உள்ளங்கை உள்ளங்கால்ல, ராத்திரியில கூடுற அரிப்பு வந்தா அது ஈரல்ல பித்தநீர் சரியா இறங்காம ரத்தத்துல தங்குறதால இருக்கலாம். ரத்தத்துல பைல் ஆசிட், அதாவது பித்த அமிலத்தோட அளவும் ஈரல் டெஸ்டும் உடனே பாக்கணும். உடனேன்னா இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு, அடுத்த செக்கப் வரைக்கும் தள்ளக்கூடாது. அந்த பைல் ஆசிட் 100 மைக்ரோமோலுக்கு மேல போயிருச்சுன்னா வயித்துக்குள்ள குழந்தை இறந்துபோற அபாயம் கூடுது, அதனாலதான் பிரசவ டாக்டர் அந்த அளவப் பாத்து சில பேருக்கு தேதிக்கு முன்னாடியே பிரசவம் வைப்பாங்க. அர்சோடியாக்சிகோலிக் ஆசிட்னு மாத்திரை குடுக்குறது உண்டு. குழந்தை பிறந்துட்டா சில நாள்லயே தாய்க்கு அரிப்பு தானா அடங்கிரும், அடுத்த பிரசவத்துல திரும்ப வர வாய்ப்பு இருக்குங்கறத மட்டும் மறக்காம சீட்டுல எழுதி வச்சுக்கங்க. வயித்துல தோல் விரியறதால லேசா அரிக்கிறது வேற, அது எல்லாருக்கும் வர்றதுதான், ஆனா ரெண்டையும் வீட்ல உக்காந்து பிரிச்சுப் பாக்க முடியாது.

எங்க ஆத்தாவுக்கு 74 வயசு. பள்ளத்தூர் வீட்ல அவங்களும் வேலை செய்யிற ஒரு அம்மாவும் மட்டும்தான், நாங்க சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்கோம். எட்டு மாசமா ராத்திரியானா காலு, முதுகு, கைன்னு சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்களாம், தோல்ல ஒரு பரு கூட இல்ல. தனியா இருக்குறதால மனசுதான் காரணம்னு அண்ணன் சொல்றாங்க. மனநல டாக்டர்கிட்ட காட்டவா?

தங்கச்சி, மனசுன்னு முடிவு பண்றத கடைசியா வைங்க. மத்த எல்லாத்தையும் பாத்து ஒண்ணுமில்லன்னு ஆன பிறகு பேச வேண்டிய விஷயம் அது. எட்டு மாசம் தூங்காம இருந்தா யாருக்குத்தான் மனசு சோராது? அரிப்புலருந்து சோர்வு வந்துச்சா சோர்வுலருந்து அரிப்பு வந்துச்சான்னு பாக்கணும்ல.

இந்த வயசுல முதல் சந்தேகம் தோல் வறட்சிதான். நம்ம பெரிய வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்து அரைச்சுப் பூசி கண்ணாடி மாதிரி வழுவழுன்னு நிக்குமே, அந்தப் பூச்சு இருக்குற வரைக்கும் உள்ள ஒண்ணும் ஆகாது, பூச்சுல வெடிப்பு விழுந்துட்டா அதுக்கப்புறம் ஈரமும் உப்பும் உள்ள இறங்கி செங்கல்லயே அரிக்க ஆரம்பிச்சிரும். தோலும் அப்படித்தான். வயசாக ஆக எண்ணெய்ச் சுரப்பி குறையுது, மேல் தோல்ல இருக்குற கொழுப்புப் பூச்சு மெலியுது, உள்ள இருக்குற ஈரம் வெளிய போயிருது, வெளியில இருக்குற சோப்பும் தூசியும் உள்ள வந்து நரம்பு நுனியச் சீண்டுது. ராத்திரியில கூடுறதுக்கும் காரணம் இருக்கு, அப்ப தோல் சூடு ஏறும், உடம்புல தானா சுரந்து அரிப்ப அடக்கி வைக்கிற கார்டிசால் குறைஞ்சிருக்கும், பேச்சுத்துணை இல்லாம படுத்துக்கிடக்குறப்ப கவனமும் அங்கயேதான் போகும்.

ஆத்தா குளிக்கிறத கொஞ்சம் விசாரிங்க. நான் பாக்குற வயசானவங்கள்ல பாதிப்பேரு ஆவி பறக்குற வெந்நியத்தான் ஊத்திக்கிறாங்க, "அப்பத்தான் சுகமா இருக்கு"ன்னு சொல்றாங்க, அந்தச் சுகம் அரைமணி நேரம்தான், இருக்குற கொஞ்ச நஞ்ச எண்ணெயையும் அது கழுவிட்டுப் போயிரும். போதாக்குறைக்கு போர் தண்ணி உப்பா இருந்தா சோப்பு நுரைக்காது, நுரைக்கலன்னு இன்னும் கொஞ்சம் தேய்ப்பாங்க. வெதுவெதுன்னு தண்ணி, பத்து நிமிஷத்துக்குள்ள குளியல், சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் இங்க மட்டும். உடம்பத் துண்டால ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயறதுக்கு முன்னாடியே, மூணு நிமிஷத்துக்குள்ள, உடம்பு பூரா மாய்ஸ்சரைசர் தடவணும், சாயந்திரம் இன்னொரு தடவை. பாராஃபின், கிளிசரின், யூரியா, செராமைடு இதுல ஏதாவது இருக்குற வாசனை இல்லாத கிரீமா பாத்து வாங்குங்க, விலை கட்டலன்னா தேங்காய் எண்ணெயே போதும், அது நல்ல மருந்துதான். விரல் நுனியில தொட்டு பொட்டு வைக்கிற மாதிரி வச்சா பிரயோஜனம் இல்ல, பெரியவங்களுக்கு உடம்பு பூரா ஒரு தடவை பூசவே 20, 30 கிராம் வேணும். எண்ணெய் தேச்சுக் குளிக்கிற பழக்கம் இருந்தா ரொம்ப நல்லது, ஆனா சீயக்காய உடம்புல போட்டு எண்ணெயை எல்லாம் உருவி எடுத்துறாம தலையோட நிறுத்திக்கச் சொல்லுங்க. காலமைன் லோஷன் வேண்டாம், காஞ்ச தோல இன்னும் காய வைக்கும்.

இதை மூணு வாரம் ஒழுங்கா செஞ்சும் குறையலன்னா, இல்ல ஆரம்பத்துலயே எடை குறையுது, காய்ச்சல் வருது, ராத்திரி வேர்த்துக் கொட்டுது, கழுத்துல அக்குள்ல கட்டி தெரியுது, கண்ணு மஞ்சளா இருக்குன்னா, தோலோட நிக்காம உள்ளயும் பாத்தாகணும், சிறுநீரகம், ஈரல், தைராய்டு, சுகர், ரத்த அணுக்கள், இரும்புச்சத்து இந்த டெஸ்டும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தா பெரும்பாலான காரணம் பிடிபட்டுரும். இரும்புச்சத்து குறைஞ்சாக்கூட அரிக்கும்னு நிறைய பேருக்குத் தெரியாது. நிணநீர்க் கட்டிப் புற்றுநோய்ல சில பேருக்கு மத்த அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே அரிப்புதான் வரும், குளிச்சு முடிச்ச கையோட தடிப்பில்லாம அரிக்கிறது சில ரத்த வியாதிக்கு அடையாளம். பயமுறுத்த இதைச் சொல்லல, பெரும்பாலும் இதெல்லாம் இருக்காது, ஆனா ஒருத்தருக்கு இருந்து அதைத் தவற விட்டுட்டா போன நேரம் திரும்பி வராது.

இன்னும் ரெண்டு விஷயம். பிரஷருக்கு ஆம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி மாத்திரை எடுக்குறாங்களான்னு பாருங்க, வயசானவங்க சிலருக்கு அதனாலயும் தோல் அரிப்பு வரும். அதுக்காக நீங்களா நிறுத்திறாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கலாம். அப்புறம் அரிப்பு மாத்திரைன்னு மெடிக்கல்ல குடுக்குற தூக்கம் வர்ற பழைய மாத்திரைய ஆத்தாவுக்கு வாங்கிக் குடுக்காதீங்க. வறட்சி அரிப்புக்கு அது கேக்குறதே குறைவு, வயசானவங்களுக்கு குழப்பம் வரும், சிறுநீர் அடைக்கும், ராத்திரி எந்திரிச்சு பாத்ரூம் போறப்ப தள்ளாடும். வளவுல இருந்து முற்றத்துக்கு இறங்குற அந்தப் படியில தவறி விழுந்து இடுப்பு எலும்பு ஒடிஞ்சு வந்த ஒரு ஆச்சிய எனக்குத் தெரியும், அரிப்புல இருந்து ஆரம்பிச்ச கதை அது, படுத்தவங்க எந்திரிக்கல. பெரிய நீர்க்கொப்புளம் ஏதாவது வந்துச்சுன்னா மட்டும் ஒரு நாள் கூட தாமதிக்காதீங்க, வயசானவங்களுக்கு வர்ற ஒரு கொப்புள வியாதி முதல்ல சில மாசம் வெறும் அரிப்பாத்தான் இருக்கும்.

ஆத்தங்குடியில 16 வருஷமா டைல்ஸ் போடுறேன். ரெண்டு வருஷமா ரெண்டு கையும் அரிச்சு, வெடிச்சு, தண்ணி வடியுது. லீவு போட்டா குறையுது, வேலைக்குப் போனா திரும்ப வருது. இப்ப கால் பாதத்துலயும் வந்துருக்கு. வேலைய விட்றவா?

தம்பி, லீவு போட்டா குறையுது, வேலைக்குப் போனா வருதுன்னு எழுதியிருக்கீங்களே, பாதி நோயை நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. உங்க பட்டறையில நான் நின்னு பாத்திருக்கேன், கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் சிமெண்ட கரண்டியில மொண்டு பூ பூவா ஊத்துற அந்தக் கை லாவகம் வேற யாருக்கும் வராது, வெறுங்கையிலதான் எல்லாரும் செய்றீங்க. ஈர சிமெண்ட் கடுமையான காரம், அதுவே தோல அரிச்சுரும். அது போக சிமெண்ட்ல குரோமியம்னு ஒரு உலோகச்சத்து கொஞ்சூண்டு இருக்கு, வருஷக்கணக்கா தோல் வழியா உள்ள போய்ப் போய் ஒரு நாள் உடம்பு அதைப் பகையா எடுத்துக்கும், அதுக்கப்புறம் துளி பட்டாலும் பொங்கிரும். ஐரோப்பாவுல 2005லருந்து சிமெண்ட்ல கரையிற குரோமியம் 2 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல ரெண்டு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதுக்காக ஃபெரஸ் சல்ஃபேட் கலந்துதான் அங்க விக்கிறாங்க. இங்க கொத்தனாரும் சித்தாளும் நீங்களும் கையைக் குடுத்துட்டு நிக்கிறீங்க, எனக்கு அது பெரிய ஆதங்கம்.

பேட்ச் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. முதுகுல சின்னச் சின்ன மருந்துப் பொட்ட ஒட்டி 48 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பாப்போம், இன்னும் ரெண்டு நாள் கழிச்சு திரும்பவும் பாப்போம், எது ஆகலன்னு அதுல தெரிஞ்சிரும். குரோமியம்தான்னு உறுதியாச்சுன்னா கால்ல வந்ததுக்கும் பதில் கிடைச்சிரும், ஏன்னா தோல் செருப்பு, ஷூவுல நிறைய குரோமியம் போட்டுப் பதப்படுத்துனதுதான், ரப்பர் செருப்புக்கு மாறுங்க. கிளவுஸ் வாங்குனா தோல் கிளவுஸ் வாங்கிறாதீங்க, அதுலயும் அதே குரோமியம். நைட்ரைல் இல்லன்னா பிவிசி கிளவுஸ், உள்ள பருத்தி கிளவுஸ். கிளவுஸுக்குள்ள சிமெண்ட் தண்ணி இறங்கிருச்சுன்னா அப்பவே கழட்டிக் கழுவணும், இறங்குன சிமெண்டோட போட்டுக்கிட்டே இருக்குறது வெறுங்கைய விட மோசம். இப்ப இருக்குற புண்ணுக்கு ஸ்டீராய்டு கிரீம் கொஞ்ச நாள், எத்தனை நாள்னு டாக்டர் சொல்ற கணக்குல, அதோட கை பூரா வாசலின் மாதிரி கெட்டியான கிரீம் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. வேலையை விடச் சொல்லி என் வாயால எப்படிச் சொல்லுவேன், 16 வருஷக் கைவேலை அது. ஆனா இந்த அலர்ஜி வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும், வேலையை விட்டவங்களுக்குக் கூட சில பேருக்கு முழுசா போறதில்ல, அதனால முதலாளிகிட்ட பேசி சிமெண்ட் குழைக்கிற இடத்துலருந்து அடுக்குற, பேக் பண்ற பக்கமா மாத்திக்க முடியுமான்னு பாருங்க. பட்டறையில புதுசா சேர்ற பையங்களுக்கு முதல் நாள்லருந்தே கிளவுஸ் குடுக்கச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க.

பையன் ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தான், விரலிடுக்குல பொரிப் பொரியா அரிப்பு. ஒரு மாசத்துல எனக்கும், அவங்க அப்பாவுக்கும், அப்பத்தாவுக்கும் வந்துருச்சு. லோஷன் வாங்கிப் போட்டோம், போய்ட்டு திரும்ப வந்துருச்சு. சூட்டு உடம்புன்னு எல்லாரும் சொல்றாங்க. (புதுவயல்)

இது சூடு இல்லம்மா, ஸ்கேபீஸ், நம்ம சொறின்னு சொல்றோமே அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி முட்டை வைக்குது. ஒருத்தர் உடம்புல பத்துப் பதினஞ்சு பூச்சி இருந்தாலே இந்தப் பாடு படுத்திரும். அழுக்கா இருக்குறவங்களுக்குத்தான் வரும்னு நினைச்சு வெக்கப்படாதீங்க, ஒட்டிப் படுத்தா, கையைப் பிடிச்சு விளையாடுனா யாருக்கும் வரும். உலக சுகாதார நிறுவனமே 2017ல இதை கவனிக்காம விடப்பட்ட நோய்கள் பட்டியல்ல சேத்துருக்கு.

நீங்க போட்ட லோஷன் கேக்காம இல்ல, போட்ட விதம்தான் தப்பாயிருக்கும். பெர்மெத்ரின் 5 சதவீதம் கிரீம, வீட்ல இருக்குற அத்தனை பேரும், அரிப்பு இருக்கோ இல்லையோ, ஒரே ராத்திரியில போடணும். முதல் தடவை தொத்துறவங்களுக்கு அரிப்பு தெரியவே நாலுலருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லன்னு உக்காந்திருக்குறவங்ககிட்டருந்துதான் திரும்ப வருது. அரிக்கிற இடத்துல மட்டும் போடக்கூடாது, கழுத்துலருந்து கால் வரைக்கும், விரலிடுக்கு, தொப்புள், இடுப்பு, மறைவிடம், நகத்துக்கு அடியில எல்லாம். நடுவுல கை கழுவுனா கையில திரும்பப் போட்டுக்கணும். எட்டு மணி நேரத்துக்கு மேல விட்டு காலையில குளிச்சுட்டு, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை இதே மாதிரி. கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தா டாக்டர கேட்டுட்டுப் போடுங்க. மூணு நாளா உடுத்துன துணி, பெட்ஷீட், தலகாணி உறை எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில அலசி வெயில்ல காயப் போடுங்க, அலச முடியாதத பிளாஸ்டிக் பையில கட்டி நாலு நாள் வச்சிருங்க, மனுஷ உடம்பு இல்லாம அந்தப் பூச்சி ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது. பூச்சி செத்த பிறகும் ரெண்டுலருந்து நாலு வாரம் அரிப்பு இருக்கும், அதைப் பாத்துட்டு இன்னும் போகலன்னு தினம் தினம் லோஷன் போட்டு தோல வேக வச்சிறாதீங்க. பையனோட ஹாஸ்டலுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க, அந்த ரூம்ல எல்லாருக்கும் போடாம இவன் மட்டும் சுத்தமா போனா அடுத்த லீவுக்கும் கொண்டு வருவான்.

வயசு 26, காரைக்குடியில துணிக்கடையில வேலை, நாள் பூரா நின்னுக்கிட்டே. தொடையிடுக்குல வட்டமா அரிப்பு, ஒரு வருஷமா மெடிக்கல்ல சொல்லி ஒரு டியூப் வாங்கிப் போடுறேன். போட்டா ரெண்டு நாள்ல நின்னுருது, விட்டா ரெண்டு மடங்கா வருது. இப்ப தோல்ல கோடு கோடா கிழிஞ்ச மாதிரி இருக்கு.

தம்பி, அந்த டியூப இன்னையோட நிறுத்துங்க. உங்களுக்கு இருக்குறது படர்தாமரை, பூஞ்சை. அந்த டியூப்புல பெரும்பாலும் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, அதோட ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு மூணும் சேந்து இருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் ரெண்டு நாள்ல அமுக்கிரும், உங்களுக்கு ஆஹா கேக்குதேன்னு தோணும், ஆனா அங்க எதிர்ப்பு சக்தியையும் சேத்து அமுக்குறதால பூஞ்சை உள்ளுக்குள்ள நிம்மதியா பரவும். அந்தக் கோடு ஸ்டீராய்டால தோல் மெலிஞ்சு கிழிஞ்சது, அது முழுசா மறையாது, மேல போடாம இருந்தா இன்னும் கூடாது. 2018லயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் எச் பட்டியல்ல கொண்டு வந்துருச்சு, இருந்தும் கையை நீட்டிக் கேட்டா கிடைக்குது. தினம் கிளினிக்ல இந்த ஒரு டியூப்பால கெட்டுப்போன தோல பாக்குறேன், எனக்கு ஆத்திரமும் அழுகையும்தான் வருது.

சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டு இட்ராகோனசோல் மாதிரி மாத்திரையும் ஸ்டீராய்டு இல்லாத கிரீமும் குடுப்போம், பல வாரம் ஆகும், அரிப்பு நின்னுருச்சுன்னு பாதியில விட்றக்கூடாது. முதல் வாரம் ஸ்டீராய்ட விட்டதால கூடுதலா அரிக்கும், பயந்து திரும்ப அந்த டியூப்ப தேடாதீங்க. டைட் ஜீன்ஸ் வேண்டாம், துண்டு தனி. அப்புறம் ஒரு விஷயம், கேட்டா வருத்தப்படாதீங்க, அரைஞாண் கயிறு. ஈரத்தோடயே இடுப்புல கிடக்குற நூல் கயித்துல பூஞ்சை தங்கிக்கிட்டு மருந்து முடிஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கும், கையில கட்டுன கோவில் கயிறும் அப்படித்தான். அவுத்துட்டு வேணும்னா வெள்ளியில போட்டுக்கங்க, அம்மாகிட்ட டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லுங்க.

கத்திரிக்காயும் கருவாடும் சாப்பிட்டா எனக்கு அரிக்குது. எல்லாத்தையும் நிறுத்திட்டேன், இப்ப ரசம் சோறுதான். இன்னும் திட்டுத் திட்டா தடிச்சு அரிக்குது. (கோட்டையூர்)

நிறுத்தியும் வருதுன்னா அது காரணம் இல்லன்னு அர்த்தம். திட்டுத் திட்டா தடிச்சு சில மணி நேரத்துல மறைஞ்சு வேற இடத்துல வர்றது நாள்பட்ட காணாக்கடின்னா, அதுக்குச் சாப்பாடு காரணமா இருக்குறது ரொம்ப அபூர்வம், உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா வேலை செய்யிறதுதான் பெரும்பாலும். தூக்கம் தராத புது வகை அலர்ஜி மாத்திரைய தினமும் எடுக்கணும், வந்தப்ப மட்டும் போடுறது பத்தாது, கேக்கலன்னா டாக்டர் அளவ நாலு மடங்கு வரைக்கும் கூட்டுவாங்க. நல்லா சாப்பிடுங்க அண்ணே, ரசம் சோறோட எத்தனை நாள் ஓட்டுவீங்க.

முதுகுல இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழ ஒரே ஒரு இடத்துல, பத்து வருஷமா. விசிறிக் காம்பால சொறிஞ்சு சொறிஞ்சு அந்த இடமே கருத்துப்போச்சு. (குன்றக்குடி)

ஐயா, இது தோல் வியாதி இல்ல, முதுகுத்தண்டுலருந்து வர்ற நரம்பு நசுங்குறதாலயோ சிணுங்குறதாலயோ வர்ற அரிப்பு. ஆபத்து இல்ல. சொறியிறதுக்கு ஏத்த மாதிரி கருமை கூடும், அவ்வளவுதான். மிளகாயில இருக்குற காரச்சத்தான கேப்சைசின்ல கிரீம் இருக்கு, முதல் சில நாள் எரியும், போடப் போட நரம்பு மரத்து அரிப்பு குறையும். அதுக்காக வீட்டு மிளகாய்ப்பொடிய குழைச்சுப் பூசிறாதீங்க, வெந்துரும்.

சொறிஞ்சா மட்டும் ஏன் அவ்வளவு சுகமா இருக்கு? (பிளஸ் டூ மாணவி, காரைக்குடி)

நல்ல கேள்வி கண்ணு. 1660லயே சாமுவேல் ஹாஃபன்ரெஃபர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் அரிப்புன்னா என்னன்னு எழுதும்போது, சொறியணும்ங்கற ஆசையத் தூண்டுற பிடிக்காத உணர்ச்சின்னு எழுதிட்டார், இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம். தோல்ல இருக்குற மெல்லிய நரம்புல அரிப்புச் சேதி முதுகுத்தண்டு வழியா மூளைக்குப் போகுது. நீ சொறியிறப்ப லேசா வலி உண்டாகுது, அந்த வலிச் சேதி முதுகுத்தண்டுலயே அரிப்பை அமுக்கிருது, மூளையில பிடிச்ச பண்டம் சாப்பிடுறப்ப வேலை செய்யிற பகுதியும் சேந்து வேலை செய்யுது, அதான் சுகம். ஆனா சொறிஞ்ச இடத்துல தோல் சிதைஞ்சு வீக்கம் தர்ற ரசாயனம் இன்னும் சுரக்கும், திரும்ப அரிக்கும், திரும்ப சொறிவ. ஹிஸ்டமின்ங்கற ரசாயனம் மட்டும்தான் அரிப்புக்குக் காரணம்னு முன்னாடி நினைச்சாங்க, இப்ப இன்டர்லூக்கின் 31, 4, 13ன்னு வேற பல ரசாயனம் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, ஹிஸ்டமின மட்டும் தடுக்குற அலர்ஜி மாத்திரை எல்லா அரிப்புக்கும் கேக்காம போறது அதனாலதான். "சொறியாதே"ன்னு வீட்ல அதட்டுறாங்க பாரு, அது தும்மாதேன்னு அதட்டுற மாதிரி. குளுந்த ஈரத்துணிய அந்த இடத்துல அஞ்சு நிமிஷம் வச்சு அமுத்து, நகத்த ஒட்ட வெட்டிக்க.

வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமா வாரம் மூணு நாள் டயாலிசிஸ். வலிய கூட தாங்கிக்கிறாரு, இந்த அரிப்பத்தான் தாங்க முடியலன்னு அழுறாரு. டயாலிசிஸ் பண்ற இடத்துல சொன்னா இது சகஜம்னு சொல்றாங்க. (தேவகோட்டை)

சகஜம்தான், ஆனா சகஜம்ங்கறதுக்காக விட்றக்கூடாதும்மா. சிறுநீரகம் செயலிழந்தவங்கள்ல நிறைய பேருக்கு இந்த அரிப்பு வருது, தூக்கத்தைக் கெடுத்து ஆளையே உருக்கிரும். அடுத்த தடவை போறப்ப மூணு கேள்வி கேளுங்க, டயாலிசிஸ் அளவு போதுமா, பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கு, பாராதைராய்டு ஹார்மோன் எவ்வளவுன்னு. பாஸ்பரஸைக் குறைக்கிற மாத்திரைய சாப்பாட்டோட சேத்து எடுக்கணும், பின்னாடி எடுத்தா வீண். பாட்டில் கோலா, பாக்கெட் தீனி, கருவாடு வேண்டாம், உப்புக்கண்டத்தை எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டாலும் குடுக்காதீங்க. மேல சொன்ன மாய்ஸ்சரைசர் இவருக்கும் வேணும். காபாபென்டின்னு நரம்பு மருந்த டயாலிசிஸ் முடிஞ்ச பிறகு ரொம்பக் குறைஞ்ச அளவுல குடுத்தா நிறைய பேருக்கு நல்லா கேக்குது, சிறுநீரகம் வேலை செய்யாததால அது உடம்புலயே தங்கும், அதனால 100 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு டாக்டர் பாத்துக் கூட்டுவாங்க, அளவு கூடிப்போனா தூங்கித் தூங்கி விழுவாங்க, நீங்களா கூட்டாதீங்க. புற ஊதாக்கதிர் சிகிச்சையும் உண்டு. டயாலிசிஸ் அரிப்புக்குன்னே டைஃபெலிகெஃபாலின்னு ஒரு ஊசிக்கு 2021ல அமெரிக்காவுல அனுமதி குடுத்துருக்காங்க. அவர் அழறப்ப கூட இருந்து கேக்குறீங்களே, அதுவும் அவருக்குப் பெரிய விஷயம்.

வயசு 52. ஆறு வருஷமா கை, கால், தோள்ல எல்லாம் கொட்டை கொட்டையா கெட்டியான கட்டி, அரிப்பு உயிர் போகுது. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போறத நிறுத்திட்டேன், கோவில் படைப்புக்குக் கூட ஓரமா நின்னுட்டு வந்துர்றேன். ஒட்டுமோன்னு பேத்தியத் தூக்குறதில்ல. எத்தனையோ டாக்டர பாத்தாச்சு. இனிமே இப்படியேதானா? (கானாடுகாத்தான்)

அண்ணே, முதல்ல பேத்தியத் தூக்குங்க. நீங்க எழுதியிருக்குறத வச்சுப் பாத்தா இது ப்ரூரிகோ நோடுலாரிஸ் மாதிரி இருக்கு, அது ஒட்டவே ஒட்டாது. கண்ணாடியில முதுகைப் பாருங்க, கை எட்டாத நடு முதுகுல மட்டும் கட்டி இல்லாம சுத்தமா இருந்துச்சுன்னா நான் சொன்னது பெரும்பாலும் சரி, ஏன்னா சொறியச் சொறியத்தான் அந்தக் கட்டியே உருவாகுது. நரம்பும் எதிர்ப்பு சக்தியும் சேந்து கெட்டுப்போயி அரிப்பு, சொறிதல், கட்டின்னு சுத்திச் சுத்தி வர்ற நோய் இது. உங்க மனபலம் போதாம வந்தது இல்ல.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த நிலைமை இப்ப இல்ல. வீரியமான ஸ்டீராய்ட பூசி மேல பிளாஸ்டிக் சுத்தி வைக்கிறது, கட்டிக்குள்ளயே ஊசி, வாரம் ரெண்டு மூணு தடவை புற ஊதாக்கதிர் ஒளி சிகிச்சை, காபாபென்டின், மெத்தோட்ரெக்சேட்னு படிப்படியா போகலாம். டூபிலுமாப்ங்கற ஊசிக்கு 2022ல அமெரிக்காவுல இந்த நோய்க்குன்னே அனுமதி கிடைச்சுது, 2024ல நெமோலிசுமாப்புக்கும் கிடைச்சுது, நான் மேல அந்த பிளஸ் டூ பொண்ணுக்குச் சொன்ன இன்டர்லூக்கின் வேலைய அதுங்க தடுக்குது. விலை கூடதான், மறைக்கல, ஆனா அதுக்கு முன்னாடி முயற்சி பண்ண நிறைய இருக்கு. உங்களுக்கு சிறுநீரகம், ஈரல், சுகர், தைராய்டு டெஸ்ட் எல்லாம் முழுசா யாராவது எடுத்தாங்களான்னு நீங்க எழுதல, அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

உங்களுக்குப் பக்கத்துல இருக்குற தோல் டாக்டர்கிட்ட ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை போங்க. போறப்ப ஆறு வருஷத்துப் பழைய சீட்டு, ரத்த டெஸ்ட் பேப்பர், சாப்பிட்ட மாத்திரை அட்டை, காலியான கிரீம் டியூப் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்கன்னு ஒரு வாரம் எழுதி அதையும் வச்சிருங்க, அவங்க கேக்கலன்னாலும் நீங்களே எடுத்து மேசையில வைங்க.